சேலத்து மாடியிலிருந்து தெரிந்த விளக்குகள்

ஜனவரி 22, 2024, திங்கள் இரவு. சென்னை சென்ட்ரல்

ரயில் கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அம்மா கீழ்ப் படுக்கையில் போர்வையை விரித்து, செருப்பை ஒரு பைக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நடைமேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "இந்த வண்டி பேரே ஏற்காடு எக்ஸ்பிரஸா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். ஆமாம்மா, பேர் அதுதான், ஆனால் வண்டி மலை ஏறாது, நாம் சேலத்தில் இறங்கணும், அது ஈரோட்டுக்குப் போய்விடும் என்று நானும் மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் டிசம்பர் மழை. மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. தண்ணீர் வடிந்ததும் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மாடியில் காயப்போட்டோம். கல்யாணப் புடவை, அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், அதற்கடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஏரிக்கரை ஒன்றில் இரட்டைப் பின்னல் போட்ட பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பாதி முகங்கள் ஈரத்தில் கரைந்திருந்தன.

"இதுல நீ எங்கம்மா?" என்றேன்.

"நான் இல்லையே. நான் போகலை. கூடப் படிச்சவ ஒருத்தி குடுத்தா."

1970, எட்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா, ஆளுக்கு மூன்று ரூபாய். தாத்தா சேலம் அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். அமாவாசை ஒரு நாள்தான் தறிக்கு லீவு. அந்த மாதம் கூலி வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் படுத்தால் ராத்திரியில் மலைமேல் விளக்குகள் தெரியுமாம். விட்டு விட்டு ஒரு கோடு மாதிரி. அதுதான் ஏற்காடு என்று தாத்தா காட்டுவாராம்.

இருபது வயதில் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவளுக்கு இப்போது 66. தினமும் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள், ஒரு தடவைகூட மேலே போனதில்லை. இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. படம் காய்வதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய். ஏற்காடு

விடிவதற்கு வெகுநேரம் முன்பே சேலம் ஜங்ஷனில் இறங்கிவிட்டோம். இருட்டில் மலை ஏற வேண்டாமென்று வெளிச்சம் வரும்வரை ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டி அம்மாவைப் பார்த்து, "எந்த ஊரு கண்ணு?" என்றார். "இந்த ஊருதான்" என்றாள் அம்மா. சென்னையில் நாற்பத்தாறு வருடம் இருந்தவள் அதைச் சொல்ல யோசிக்கவே இல்லை. அதற்கப்புறம் அம்மாவின் பேச்சும் மாறிவிட்டது. என்னைக் "கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தாள். சின்ன வயதில் கேட்டது, நடுவில் எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை.

கார் 1,500 ரூபாய் பேசி ஏறினோம். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு சாலையில் போகும்போது அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "வளைவு! மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு!" என்றாள். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமாக் கம்பெனி. ஸ்டுடியோ இப்போது இல்லை, நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. சிறுவயதில் அந்த வாசலில் நின்றால் நடிகர்களைப் பார்க்கலாம் என்று சொல்வார்களாம். இந்தச் சாலையில் அம்மா வந்த எல்லை அதுதான். அதற்கு மேல் எல்லாமே அவளுக்குப் புதிது.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் வளைவுகள் தொடங்கின. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. அம்மா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது வரை குரல் தெம்பாக இருந்தது. பத்தில் நின்றது. பதினொன்றில் முகம் வெளிறிவிட்டது. டிரைவர் அண்ணன் கண்ணாடியிலேயே பார்த்துப் புரிந்துகொண்டு ஓரங்கட்டினார். டாஷ்போர்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "இஞ்சி மரப்பாங்கம்மா. வீட்ல செஞ்சது. வாயில அடக்கிக்குங்க, பேசாதீங்க, தூரத்துல இருக்கிற மரத்தைப் பாருங்க" என்றார். கால் மணி நேரம் நின்றோம். அவர் ஒரு முறைகூட மணி பார்க்கவில்லை.

கீழே மூங்கிலும் முள்மரமுமாக இருந்த காடு, ஏற ஏறக் காப்பித் தோட்டமாக மாறியது. உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் உச்சிவரை சுற்றிய மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. இருபதாவது வளைவில் அம்மா மறுபடி எண்ணிச் சொன்னாள்.

தங்குமிடம் பற்றி: விளம்பரத்தில் 24 மணி நேரமும் வெந்நீர் என்று போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, மூட்டம் இருந்தால் சோலார் வேலை செய்யாது என்றார்கள். ஜனவரி ஏற்காட்டில் மூட்டமில்லாத காலை எது? வயதானவரை அழைத்து வருபவர்கள் இதை நம்பித்தானே பணம் கட்டுகிறோம். எனக்குக் கோபம் வந்தது, பேசியும் விட்டேன். எங்களைக் காப்பாற்றியது அங்கே காவல் வேலை பார்ப்பவரின் மனைவி. பின்கட்டில் விறகு அடுப்பு மூட்டி, ஒரு பெரிய தவலையில் தண்ணீர் காய வைத்துத் தூக்கி வந்தார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. "அம்மாவுக்கு மூட்டு வலிங்கறீங்க, இதுக்கெல்லாம் என்னங்க" என்றார்.

மத்தியானம் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பாடு, 120 ரூபாய். மற்றதெல்லாம் சுமார். ரசம் மட்டும் தனி. புது மிளகைத் தட்டிப் போட்டு, ஆவி பறக்க டம்ளரில் தந்தார்கள். இரண்டாவது டம்ளர் குடித்த பிறகுதான் அம்மாவின் முகத்தில் பழைய நிறம் வந்தது.

நாலு மணிக்கு ஏரிக்கரைக்குப் போனோம். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்ற பெயர். ஊட்டி ஏரியை ஜான் சல்லிவன் உண்டாக்கினார், கோடைக்கானல் ஏரியை 1863-ல் லெவிஞ்ச் உண்டாக்கினார். இது இயற்கையாகவே அமைந்த ஏரி என்கிறார்கள். சின்ன ஏரி. அக்கரையில் பனி இறங்கி, மரங்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. அம்மா பேசாமல் நின்றாள். பையிலிருந்து அந்தப் பழைய படத்தை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் குரங்கு வந்தது. மற்றொரு பையை என் தோளிலிருந்து உருவிக்கொண்டு சுவரில் ஏறிவிட்டது. உள்ளே ஒரு பொட்டலம் முறுக்கும் அம்மாவின் பிரஷர் மாத்திரையும். நான் கல்லெடுக்கப் போனேன். பஜ்ஜிக் கடை அக்கா தடுத்தார். "கல்லு எடுத்தா பையோட ஓடிரும். சும்மா நில்லுங்க. அதுக்கு முறுக்குதான் வேணும்." அப்படியே ஆயிற்று. முறுக்கை எடுத்துக்கொண்டு பையைக் கீழே போட்டது. ஆனால் மாத்திரை அட்டை சரிவில் விழுந்து புதருக்குள் போய்விட்டது.

மருந்துக் கடையில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. சீட்டின் போட்டோவை என் போனில் பார்த்து, அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறது என்றான். உடனே தராமல், முதலாளிக்குப் போன் செய்து அளவைச் சரிபார்த்தான். அதுவரை அம்மாவுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். பத்து மாத்திரை, 32 ரூபாய்.

இருட்டியதும் லேடீஸ் சீட்டுக்கு ஆட்டோவில் போனோம். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தினமும் வந்து உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்த இடம் என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். அம்மா கேட்டதெல்லாம் அந்த ஓர் இடம்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஐந்து நிமிடம் நின்றோம். "நாளைக்கு வருவோம்" என்றாள் அம்மா.

ஜனவரி 24, புதன். ஏற்காடு

காலை ஏழு மணிக்கு என் போன் 14 டிகிரி காட்டியது. அம்மா இரண்டு புடவை, ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் என் துப்பட்டா.

இன்று ஒரு ஜீப். ஓட்டுபவர் இந்த மலைக்காரர். மலையாளி என்று தன்னைச் சொன்னதும் அம்மா, கேரளாவா என்று கேட்டாள். இல்லைங்கம்மா, மலையை ஆளுகிறவங்க, மலையாளி, எங்க பேச்சு தமிழ்தான் என்றார். அவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்களாம். "காஞ்சிபுரத்துலயும் தறிதான்" என்றாள் அம்மா, ஏதோ சொந்தம் கண்டுபிடித்த மாதிரி.

முதலில் ஒரு காப்பித் தோட்டம். தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கியிருந்தேன். அறுவடைக் கடைசி. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். காப்பிப் பழம் இவ்வளவு சிவப்பு என்பதே எனக்குத் தெரியாது. ஒரே கொத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் ஒன்றாகப் பழுப்பதில்லை. அதனால் பழுத்ததை மட்டும் விரலால் கழற்றிவிட்டு, மற்றதற்காகத் திரும்ப வர வேண்டும். ஒரு செடிக்கு மூன்று நான்கு முறை. அங்கே மேற்பார்வை பார்த்த பெரியவர் ஒரு பழத்தைப் பிதுக்கி என் கையில் வைத்தார். உள்ளே இரண்டு கொட்டைகள், மேலே வழவழப்பு. வாயில் போட்டால் இனிக்கிறது. அந்த வழவழப்பு போகத்தான் தொட்டியில் ஊற வைத்துக் கழுவிக் களத்தில் காய வைக்கிறார்கள். கையால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் எம்.டி.காக்பர்ன், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர். அதையும் பெரியவர்தான் சொன்னார். இருநூறு வருடமாக இந்தச் சரிவுகளில் யாரோ ஒருவர் குனிந்து பழுத்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். வேளச்சேரியில் காலையில் எண்பதுக்கு இருபது சிக்கரி போட்ட தூளை டபராவில் ஆற்றும்போது எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. அம்மா அங்கிருந்த பெண்களோடு பேச உட்கார்ந்துவிட்டாள். குனிந்து குனிந்து இடுப்பு எப்படி என்று கேட்டாள். குழித்தறியில் உட்கார்ந்து மிதித்த கால் எப்படி வலிக்கும் என்று அவள் சொன்னாள். என்னிடம் அவள் அதைச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் அவளும் தறியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்து சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 5,300 அடிக்கு மேல். ஏறிப் போனால் உச்சி கூர்மையாக இல்லை. பெரிய மைதானம் மாதிரி பரந்த புல்வெளி. காற்று ஆளைத் தள்ளுகிறது. இங்கே மண்ணின் நிறமே வேறு. இந்த மலையில் பாக்சைட் வெட்டி எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலம் உண்டு. கோயில் என்பது ஒரு குகை. நிமிர்ந்து போக முடியாது. நான் குனிந்து போனேன். அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து போனாள். வேண்டாம்மா என்றால் கேட்கவில்லை. உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரியம்மனும். இந்தக் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்பது நம்பிக்கை. பூசாரி திருநீறு கொடுத்து, "எங்கிருந்து வர்றீங்க?" என்றார். "அம்மாபேட்டை" என்றாள் அம்மா.

திரும்பும் வழியில் ஜீப்காரர், மத்தியானம் ஆகிவிட்டது, டவுனுக்குப் போக நேரமாகும், எங்க வீட்டில் சாப்பிட்டுப் போகலாம் என்றார். நான் தயங்கினேன். அம்மா ஏற்கெனவே இறங்கிவிட்டாள். ஓட்டு வீடு, சாணம் மெழுகிய வாசல். அவருடைய தாயார் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். பச்சை மொச்சை, தேங்காய் இல்லாமல், மிளகும் பூண்டும் மட்டும் அரைத்த குழம்பு. சாமை இந்த மலையில் விளைந்தது. சென்னையில் சிறுதானியம் என்று பாக்கெட்டில் வாங்கிச் சமைத்தால் குழைந்து போகும். இங்கே ஒவ்வொரு மணியும் தனியாக நிற்கிறது. எப்படி என்று கேட்டேன். "கொதி வந்ததும் அடுப்பைத் தள்ளிரணும்மா. மீதியைத் தணல் பாத்துக்கும்" என்றார். சாப்பிட்டு முடித்ததும் பாட்டியும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரும்போது அரைக் கிலோ மிளகு வாங்கினோம், 380 ரூபாய். ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பார்த்தோம். கிளியூர் அருவிக்குப் படிகள் அதிகம், அம்மாவால் முடியாது, விட்டுவிட்டோம்.

சாயங்காலம் மறுபடி லேடீஸ் சீட். மறுபடி மேகம். ஒரே ஒரு நொடி ஒரு கிழிசல் விழுந்து, அதில் மஞ்சளாகப் பத்துப் பதினைந்து விளக்குகள் தெரிந்தன. "அதோ!" என்பதற்குள் மூடிவிட்டது. அம்மா அதற்கப்புறமும் அரை மணி நேரம் நின்றாள். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. அறைக்கு வந்து தைலம் தேய்த்துவிட்டேன். நாளை ஒரு ராத்திரிதான் பாக்கி.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

காலை எட்டு மணிக்கே சத்தம் வேறாக இருந்தது. தைப்பூசம், நாளை குடியரசு தினம், அப்புறம் சனி, ஞாயிறு. நான்கு நாள் விடுமுறை. பத்து மணிக்கு ரவுண்டானாவிலிருந்து ஏரிவரை வண்டிகள் நகரவில்லை. இரண்டு நாளாக நாங்கள் நடந்த சாலை இதுதானா என்று இருந்தது. நாங்கள் 1,800 கொடுத்த மாதிரி அறைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் இன்று 4,500 கேட்டார்கள்.

ஏரிக்கரையில் ஒரு காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைக் கவரோடு குரங்குக்கு எறிந்தார்கள். குழந்தைகள் கைதட்டின. குரங்கு தின்றுவிட்டுக் கவரைத் தண்ணீரில் போட்டது. இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. இங்கே மிதக்கும் கவர் மழைக்காலத்தில் அங்கே போகும். அடிவாரத்தில் நிறுத்திப் பாட்டிலைப் பிடுங்குகிறவர்கள் இருக்கும்போதே இவ்வளவு வருகிறது. போய்ச் சொன்னேன். அந்த அப்பா முதலில் முறைத்தார், அப்புறம் மகனை விட்டு எட்டிய கவர்களைப் பொறுக்க வைத்தார். சண்டை வரும் என்று பயந்திருந்தேன், வரவில்லை. சொன்னால் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

முந்தாநாள் குரங்கிடமிருந்து பையை மீட்டுத் தந்த அக்காவின் கடையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். பக்கத்துக் கடைகளில் தட்டு அறுபது ரூபாய் ஆகியிருந்தது. இவர் அதே நாற்பதுதான் வாங்கினார். ஏன் ஏற்றவில்லை என்று கேட்டேன். "கூட்டம் வருதுன்னு கடலை மாவு வெலை ஏறலையே" என்றார்.

துடுப்புப் படகில் ஏறினோம். படகுக்காரருக்கு அம்மா அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் துடுப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். பின்னால் தெரியும் மேட்டை வைத்து, அந்த மூலையாகத்தான் இருக்கும், அப்போது அங்கே கம்பி வேலி கிடையாது என்றார். இறங்கியதும் அங்கே நில்லும்மா, ஒரு படம் எடுக்கிறேன் என்றேன். அம்மா தலையாட்டி மறுத்தாள். "வேண்டாம். அது அவங்க படம்." அந்தப் பெண்களில் இரண்டு பேர் இப்போது இல்லை என்பதை அப்போதுதான் சொன்னாள்.

மாலை நாலரைக்கே கிளம்பிவிட்டோம், கூட்டத்துக்கு முன்னால் இடம் பிடிக்க. முந்தைய நாள் ஜீப்காரரே குறுக்கு வழியில் கொண்டுபோய் விட்டார். இன்று மேகம் இல்லை. நிஜமாகவே இல்லை. கீழே மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குவது தெரிந்தது. அதற்கப்பால் சமவெளி, புகை மாதிரி ஒரு நகரம். சூரியன் இறங்கும்வரை பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆறேகாலுக்கு மறைந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

முதல் விளக்கு எது என்று கவனிக்க நினைத்தேன், முடியவில்லை. கண்ணிமைப்பதற்குள் நூறு. அப்புறம் சாலைகள் கோடாக எழுந்தன. பெங்களூரு சாலை அது, நேராகப் போவது ஜங்ஷன் பக்கம் என்று ஜீப்காரர் விரல் நீட்டிச் சொன்னார். "அம்மாபேட்டை எங்க?" என்றாள் அம்மா. இடது பக்கம் என்றார். அம்மா இடது பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

"அங்க தனியா மேல ஒரு விளக்கு தெரியுது பாரு. கூட்டமா, உசரத்துல. அது குமரகிரி" என்றாள். அம்மாபேட்டைக்கு அருகில் முருகன் கோயில் இருக்கும் குன்று. தைப்பூசம், அதனால் இன்று விளக்கு அதிகமாக இருக்கும் என்றார் ஜீப்காரர். அதுவாகத்தான் இருக்கணும் என்றார். அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு உறுதி தேவைப்படவில்லை. "அதுக்கு இந்தப் பக்கம் ஏரி, கறுப்பா இருக்கு பாரு. ஏரிக்கு இந்தப் பக்கம் எங்க தெரு."

முதுகுப் பக்கம் நிலா எழும்பியிருந்தது. பௌர்ணமி. கைப்பிடிச் சுவரில் எங்கள் நிழல் விழும் அளவுக்கு வெளிச்சம். அம்மா சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, உதடு அசைய ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன எண்ணுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 26, வெள்ளி. சேலம்

மேலே ஏறும் வண்டிகளால் இறங்குவதற்கே மூன்று மணி நேரம் ஆனது. எட்டாவது வளைவில் ஒரு வேன் பழுதாகி நின்றுவிட்டது. வெயிலில் நின்ற வண்டிகளில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தண்ணீரும் ஆரஞ்சும் கொடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த காரில் ஒரு கைக்குழந்தை அழ, அம்மா இறங்கிப் போய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாதை ஓரமாக நடந்தாள். வாந்தியே வரவில்லை. இஞ்சி மரப்பா இல்லாமலே இறங்கிவிட்டாள்.

ரயிலுக்கு இரவுவரை நேரம் இருந்தது. அம்மாபேட்டைக்குப் போனோம். அம்மாவின் வீடு இல்லை. ஓட்டு வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம், கீழே செல்போன் கடை. தெருவில் தறிச் சத்தம் ஒரு வீட்டில் மட்டும் கேட்டது, அதுவும் விசைத்தறி. அம்மா அதை நின்று கேட்டுவிட்டு, "இது வேற சத்தம்" என்று நடந்தாள்.

முனையில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், காரச் சட்னி, கொஞ்சம் எலுமிச்சை. ஒரு செட் முப்பது ரூபாய். அம்மா மூன்று செட் சாப்பிட்டாள். கடைக்காரர் பேச்சுவாக்கில் எந்த வீடு என்று கேட்டார். அம்மா தாத்தா பெயரைச் சொன்னாள். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கடையில் நின்றிருந்த ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்தார். "தறிக்காரர் மக சின்னவளா?" என்றார்.

பக்கத்து வீட்டு மருமகளாக 1974-ல் வந்தவர். அந்த வீடு இருக்கிறது. அந்த மொட்டை மாடியும் இருக்கிறது. கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி இல்லை. அம்மா ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். மேலே தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, சுற்றிலும் உயரமான கட்டடங்கள். வடக்கே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மலை தெரிந்தது. இருட்டுவதற்காகக் காத்திருந்தோம். பெரியம்மாவும் எங்களோடு நின்றார்.

ஏழு மணிக்குப் பக்கம் மலைமேல் விளக்குகள் தெரிந்தன. அந்த ஒரு முழத்துக்குள் ஆறோ ஏழோ இருக்கும். விட்டு விட்டு, ஒரு கோடு மாதிரி.

"ரெண்டு நாளு பனி மூடிக்கிச்சு, நேத்துதான் பாத்தோம்" என்று அம்மா பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்க ஒரு அக்கா பஜ்ஜி போடறா. நாப்பது ரூபாதான். இந்நேரம் கடையை எடுத்து வச்சிருப்பா." அப்புறம் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டு, "மேல இப்ப நல்லாக் குளிரும்" என்றாள்.